கடைமடைக்கு நாற்பது நிமிடம்

மொஹிரா தண்ணீர்க் கமிட்டிக்குக் கட்ட வேண்டியது நானூற்று எண்பது சோமோனி. இரண்டு மூட்டை மாவு வாங்கி, மிச்சத்தில் எண்ணெயும் தேயிலையும் வாங்கிவிடலாம். அவளிடம் அந்தப் பணம் இல்லை. ஜூன் மாதத்து முதல் தண்ணீர் முறைக்குள் கட்டாவிட்டால் அவள் வாய்க்கால் மதகுக்குப் பூட்டு என்று கமிட்டித் தலைவர் எர்காஷ் சொல்லியனுப்பிவிட்டார்.

ஆப்ரிகாட் காய் சதை பிடிப்பது ஜூன் முதல் முறைத் தண்ணீரில்தான். அந்த ஒரு தண்ணீர் தவறினால் பாதிக் காய் உதிரும், மீதி கொட்டையோடு ஒட்டிச் சுருங்கும். மொஹிராவுக்கு இருப்பது எழுபது மரம். புருஷன் ரஷ்யாவுக்குப் போனவன், மூன்று வருடமாகப் பணமும் இல்லை, போனும் இல்லை. பழத்தைக் காயவைத்து இஸ்ஃபரா சந்தையில் விற்ற காசில்தான் அவளும் பிள்ளைகளும் வருடத்தை ஓட்டுகிறார்கள். என் கூலியும் அந்தப் பழத்தில்தான், பத்துக் கூடைக்கு ஒரு கூடை.

நான் அவள் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன். பெயர் நஸர்மத். தெற்கே சண்டை நடந்தபோது சிறு பையனாகத் தப்பி இந்தப் பக்கம் வந்தேன். பள்ளிக்கூட வயது செங்கல் சூளையில் போயிற்று. எழுதப் படிக்க வந்தது நாற்பது தாண்டி, ஷரோஃபத் டீச்சர் குளிர்காலத்தில் பெரியவர்களுக்கு நடத்திய மாலை வகுப்பில். இங்கேயே கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, தலையும் நரைத்துவிட்டது. ஊருக்கு நான் இன்னும் தெற்கத்தியான்தான்.

பெரிய வாய்க்காலிலிருந்து மொஹிராவின் தோட்டத்துக்குத் தனியாக ஒரு மண் வாய்க்கால் பிரிகிறது. இரண்டு கிலோமீட்டர். வழியில் வேறு யாருக்கும் அதில் பங்கு கிடையாது, அவள் தோட்டத்தோடு முடிந்துபோகும். பத்து நாளுக்கு ஒருமுறை நான்கு மணிநேரம் அவள் முறை. முன்பெல்லாம் மடைக்காரர் ஒருவர் இருந்தார். மேலே மதகைத் திறந்துவிட்டுக் கழுதையில் கீழே வந்து, தண்ணீர் உள்ளே திரும்புகிற தோட்ட வாயில் ஒரு குச்சியை நட்டுவைத்துவிட்டு நிழலில் படுத்துக்கொள்வார். குச்சி நனைந்தால் அங்கிருந்து நான்கு மணி. எவ்வளவு நேரத்தில் நனைந்தது என்று அவரும் பார்த்ததில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றியதில்லை. தண்ணீர் வருகிறபோது வரும்.

மடைக்காரர் போன வருடம் இறந்துபோனார். அதற்குப் பிறகு கமிட்டி வந்தது. மதகு திறந்திருக்கிற நேரத்துக்குத்தான் மேலிடத்தில் பணம் கட்ட வேண்டும், ஆகவே மதகடியிலேயே நேரம் எழுதினார்கள். மொஹிரா சண்டைக்குப் போனாள்.

"தண்ணி எங்கிட்ட வந்து சேர்றதுக்கு முன்னாடியே என் நேரம் ஓட ஆரம்பிச்சா, நான் வெறும் வாய்க்காலுக்கா காசு குடுக்கறது?"

அது நியாயம் என்று எர்காஷே ஒப்புக்கொண்டார். வந்து சேருகிற நேரத்தைக் கழித்துவிடலாம், ஆனால் அது எவ்வளவு? ஆளுக்கொன்று சொன்னார்கள். எர்காஷ் பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பினார். ஷரோஃபத் டீச்சர் அங்கே இயற்பியல் எடுக்கிறவர், அந்த மாதம் ஏழாம் வகுப்புக்கு வேகப் பாடம்தான் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலையில் வாய்க்காலுக்கு வந்தார். கயிறு பிடித்து நூறு மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் கம்பு நட்டார்கள். அன்று மொஹிராவின் முறை, வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வால்நட் காயைத் தண்ணீரில் போட்டார்கள். மூன்று பேர் போனில் நேரம் பார்த்தார்கள். நூறு மீட்டரை வால்நட் இரண்டு நிமிடத்தில் கடந்தது. இன்னும் நான்கு காய் போட்டுப் பார்த்தும் அதே இரண்டு நிமிடம். இரண்டு கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம் என்று பிள்ளைகள் கூவினார்கள். வேடிக்கை பார்த்த நாங்கள் கை தட்டினோம், நானும் தட்டினேன். எர்காஷ் மதகின் இரும்பில் வெள்ளைப் பெயின்டால் 40 என்று எழுதவைத்தார்.

வினை அந்த நாற்பதில்தான் இருந்தது. ஆறு மணிக்கு மதகைத் திறந்தால் ஆறு நாற்பதுக்குத் தண்ணீர் வந்துவிட வேண்டும், பத்து நாற்பதுக்கு மூடிவிட வேண்டும். ஆனால் நான் தோட்ட வாயில் மண்வெட்டியோடு நிற்பேன், ஆறே முக்கால் ஆகும், ஏழு ஆகும், ஏழரை ஆகும், தண்ணீர் வராது. எட்டு மணிக்கு வந்து எட்டிப்பார்க்கும். பத்து நாற்பதுக்கு மூடினால் கடைசி வரிசை மரங்கள் காய்ந்தே நிற்கும். மொஹிரா, "நாலு மணி நேரம் நமக்குச் சேர வேண்டியது. வாங்கிட்டுத்தான் மூடணும் அண்ணே" என்பாள். நான் பன்னிரண்டுக்கு சைக்கிளில் போய் மூடுவேன். கூடுதலான ஒன்றேகால் மணி சொச்சத்துக்கு எண்பது சோமோனி அபராதம் என்று கமிட்டி எழுதும். ஆறு முறைக்கு நானூற்று எண்பது.

எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. டீச்சர் கணக்குப் போட்டிருக்கிறார், மூன்று போன் பார்த்திருக்கிறது, நாற்பது நிமிடத்தில் வர வேண்டிய தண்ணீர் வரவில்லையென்றால் நடுவழியில் எவனோ வெட்டுகிறான். நடுவழியில் இருப்பது மஹ்கம் ஒருவன்தான். வாய்க்காலை ஒட்டி அவன் வெங்காய வயல், கண்ணைப் பறிக்கிற பச்சை. ஒருநாள் சைக்கிளை நிறுத்திக் கேட்டேவிட்டேன்.

"மஹ்கம் அண்ணே, வெங்காயம் ரொம்பச் செழிப்பா இருக்கே."

"நல்லாருக்குன்னு சொல்ல வந்தியா, கண்ணு வைக்க வந்தியா?"

"இல்ல, தண்ணி எங்கேருந்துன்னு பாத்தேன்."

அவன் மண்வெட்டியைத் தரையில் ஊன்றினான். "செவ்வாக்கிழம என் முறை, பெரிய வாய்க்கால்லேருந்து வருது. உன் மொஹிராவோட வாய்க்கால்லேருந்து எடுத்து நான் என்ன பண்ண, வாய் கொப்பளிக்கவா? அதுல வர்ற தண்ணியப் பாத்தா எனக்கே அழுகை வருதுடா."

"எட்டு மணிக்குத்தான் எங்களுக்கு வந்து சேருது."

"அதுக்கு நான் என்ன, தண்ணியக் கையப் புடிச்சா நிறுத்தி வெச்சிருக்கேன்?"

இடுப்பில் கட்டியிருந்த துணி முடிச்சை அவிழ்த்து, மத்தியானத்துக்கு வைத்திருந்த ரொட்டியை எடுத்தான். அதன் மேல் கையை வைத்தான். "இந்த ரொட்டி மேல சத்தியமா ஒரு கை தண்ணி எடுக்கல. போதுமா? இப்ப நீ வெக்கப்படணும், அதுதான் மொற."

நான் வெட்கப்படவில்லை. ரொட்டி மேல் சத்தியம் செய்தவனை அதற்கு மேல் கேட்கக்கூடாது என்பதால் சைக்கிளில் ஏறினேன், அவ்வளவுதான். நெஞ்சில் அவன் மேல் சந்தேகம் அப்படியேதான் இருந்தது.

நான் மஹ்கமைத் திருடன் என்று நினைத்தேன். ஊரோ என்னை நினைத்தது. அது தெரிந்தது தேநீர்க் கடையில். பூட்டு போடப்போகிறேன் என்ற சேதி வந்த மறுநாள் மொஹிரா அங்கே எர்காஷைப் பார்க்கப் போனாள், நானும் கூடப் போனேன். எர்காஷ் பழைய கூட்டுப்பண்ணையில் டிராக்டர் ஓட்டினவர். முழங்கால் இரண்டும் போய்விட்டது, எழுந்து உட்காரும்போதெல்லாம் முழங்காலைப் பெயர் சொல்லாமல் திட்டுவார்.

"பழம் வித்துக் கட்டிடறேன் தலைவரே, ஆகஸ்ட் வரைக்கும் பொறுங்க."

"நான் பொறுப்பேம்மா. மேல உள்ளவன் பொறுப்பானா? மதகு திறந்திருந்த நேரத்துக்கு நான் பணம் கட்டியாகணும். தலைமடைக்காரங்க வேற, கடைமடைக்கு மட்டும் என்ன சலுகைன்னு தாடியப் புடிச்சு இழுக்கறாங்க."

"தண்ணி லேட்டா வருது. அதுக்கு நான் என்ன செய்வேன்?"

"லேட்டா வருதா, வந்த தண்ணி வேற எங்கயாவது போகுதா?" என்று என்னைப் பார்த்தார். "யோவ் தெற்கத்தியா, நடுவழியில ரகசியமா யாருக்காவது வித்துக்கிட்டு இருக்கியா? உண்மையச் சொல்லு."

அடுத்த விரிப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.  மொஹிராவுக்குக் கோபம் வந்தது.

"அந்த ஆளு என் தோட்டத்துல உதிர்ந்த பழத்தக்கூடக் கேட்டுட்டுத்தான் வாயில போடுவாரு. அவரச் சொன்னா என்னச் சொன்ன மாதிரி. தண்ணிக்கு அபராதம் போடுங்க, மனுசனுக்குப் போடாதீங்க."

எர்காஷ் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சரி, அப்படியே வெச்சுக்க. கடைசியில மதக மூடினப்பறமும் வாய்க்கால்ல கெடக்கற தண்ணி உனக்குத்தானே வருது? முன்னாடி கொறையறது பின்னாடி வந்துருதில்ல?"

"அது வாய்க்கால் தரையோட தரையா வரும் தலைவரே. என் தோட்ட வாய் அதுக்கு மேல ஒரு சாண். தவளைக்குத்தான் ஆகும்."

இதற்கும் சிரித்தார்கள். ஆனால் பூட்டு பூட்டுதான். திரும்பி வந்ததும் மொஹிரா வீட்டு வாசலில் கட்டியிருந்த கன்றுக்குட்டியின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றாள். அதை விற்றால் என்ன வரும் என்று யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அது பசுவாகி ஒரு நாள் பிள்ளைகளுக்குப் பால் தரும் என்று வளர்க்கிற கன்று.

அன்று சாயங்காலம் நான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். டீச்சருக்கு என் வயதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோதும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"டீச்சர், அந்த நாப்பது நிமிஷம் தப்பா இருக்குமா?"

கேட்டபிறகுதான் அது எவ்வளவு பெரிய பேச்சு என்று உறைத்தது. டீச்சரின் முகம் சுருங்கிவிட்டது. "உள்ள வாங்கண்ணே" என்றவர், தேநீர் ஊற்றிவைத்துவிட்டு ஒரு தாளை எடுத்து மறுபடி போட ஆரம்பித்தார். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். கயிறு சரியான அளவுதான், அவரே கடையில் வாங்கியது. ஐந்து தடவை போட்டதில் ஐந்து தடவையும் ஒரே நேரம். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நாற்பது நிமிடம். மேலிருந்து கீழே போட்டார், கீழிருந்து மேலே போட்டார்.

"சரியாத்தாண்ணே இருக்கு."

"அப்படின்னா எவனோ வெட்டறான் டீச்சர்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. ஆனா வேற என்ன?"

டீச்சர் மறுபடி தாளைக் குனிந்து பார்த்தார். நான் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கணக்கு சரியென்று ஆனபிறகு மஹ்கம் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம். ரொட்டி மேல் கை வைத்துப் பொய் சொல்கிறானே என்று அவனுக்காகப் பயமாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் டீச்சர் பள்ளிக்கூடம் போகிற வழியில் தோட்டத்துக்கு வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது.

"கணக்குல தப்பில்லண்ணே. ஆனா நீங்க கேட்டதுக்கு அது சேராத கணக்கோன்னு தோணுது. நாங்க அளந்த அன்னிக்கி வாய்க்கால்ல தண்ணி இருந்துச்சு. நீங்க காத்துக்கிட்டு நிக்கறப்போ இல்ல. கூட நடந்து பாத்துடலாம். தண்ணி திறந்த எடத்துலேருந்து, அது போற வேகத்துலயே, கடைசி வரைக்கும்."

"திறந்தாத்தானே? பூட்டப் போறாரு."

"அவர நான் கேக்கறேன்."

டீச்சர் எர்காஷிடம் என்ன பேசினாரோ தெரியாது. முறை நாளன்று விடிகாலையில் எர்காஷ் ஒரு கையில் ஊன்றுகோலும் இன்னொரு கையில் பூட்டுமாக மதகடியில் நின்றார்.

"ஒரு தடவ திறக்கறேன். நானும் கூட நடப்பேன். நடுவுல எங்கயாவது ஒரு வெட்டு, ஒரு ஓட்டை கண்டேன்னா, இந்தப் பூட்டு அப்படியே போய்த் தொங்கும். தெற்கத்தியான் தோட்டத்தவிட்டுப் போகணும். சம்மதமா?"

என்னைக் கேட்கவில்லை, மொஹிராவைக் கேட்டார். அவள், "சம்மதம்" என்றாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. மஹ்கம் வெட்டியிருந்தால் அவன் தப்பித்துக்கொள்வான், நான் போக வேண்டியதுதான்.

மஹ்கமும் அங்கே வந்திருந்தான். "என் வயல் ஓரமா போற வரைக்கும் நானும் வர்றேன். தண்ணி என்னப் பாத்துப் பயந்து ஒளிஞ்சுக்குதான்னு பாக்கணும்."

எர்காஷ் போனை எடுத்து நேரம் பார்த்தார். ஆறு. நான் மதகுச் சக்கரத்தைத் திருப்பினேன். தண்ணீர் குபுகுபுவென்று விழுந்து, வாய்க்காலில் பாய்ந்து, ஓடத்தான் செய்தது. முதல் கொஞ்ச தூரம் நாங்களும் வேகமாகத்தான் நடந்தோம். எர்காஷ், "எங்க, நல்லாத்தானே போகுது" என்றார்.

பிறகு அது மெதுவாயிற்று.

இத்தனை வருடம் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறேன், தண்ணீரின் தலையோடு கூடவே நடந்தது அன்றைக்குத்தான். மேலே திறப்பேன், சைக்கிளில் கீழே போய்க் காத்திருப்பேன், நடுவில் அது என்ன பாடு படுகிறது என்று பார்த்ததில்லை. பத்து நாள் வெயிலில் வாய்க்கால் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தண்ணீரின் தலை பழுப்பு நுரையும் வைக்கோலும் செத்த வண்டுமாக ஒரு நாக்கு மாதிரி முன்னே நீளும். ஒரு வெடிப்பு வந்தால் அதற்குள் இறங்கிவிடும். அது நிரம்பும்வரை வெளியே ஒன்றும் நகராது, உள்ளே கொளகொளவென்று சத்தம் மட்டும் கேட்கும். நிரம்பியதும் வழிந்து இரண்டடி போகும். அடுத்த வெடிப்பு. எலி வளை ஒன்றில் இறங்கியபோது எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து நனைந்த எலி ஒன்று வெளியே ஓடியது.

"குடும்பத்தோட குடியிருந்திருக்கு. வீட்ட இடிச்சுட்டோம், அதுக்கும் அபராதம் போடுங்க தலைவரே" என்றான் மஹ்கம்.

எர்காஷ் சிரிக்கவில்லை. ஊன்றுகோலை நட்டு அதன் மேல் சாய்ந்துகொண்டு தண்ணீரையே பார்த்தார். அவ்வளவு மெதுவாக நடப்பது அவர் முழங்காலுக்கு ஒத்துப்போனது. ஒருமுறை, "இப்படி ஒரு ஆளு கூட நடந்தா எனக்கு ஊன்றுகோலே வேண்டாம்" என்றார், தண்ணீரைக் காட்டி.

நாற்பது நிமிடம் ஆனபோது அவர் போனைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார். நாங்கள் மஹ்கமின் வயலைக்கூட நெருங்கவில்லை. 

டீச்சர் பைக்குள் கையைவிட்டு ஒரு வால்நட்டை எடுத்தார். பின்னால் கொஞ்ச தூரம் நடந்துபோய், ஏற்கெனவே நிறைந்து ஓடுகிற இடத்தில் அதைப் போட்டார். போட்டது அன்றைக்குப் போலவே துள்ளிக்கொண்டு ஓடிவந்தது. எங்களைப் பிடித்தது. நேராகத் தண்ணீரின் தலைக்கு வந்து, நுரையில் முட்டி, நின்றுவிட்டது. முன்னால் காய்ந்த மண். வால்நட் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. டீச்சர் இன்னொன்று போட்டார். அதுவும் ஓடிவந்து முதல் வால்நட்டில் டக்கென்று முட்டி நின்றது. மூன்றாவது. மூன்றும் சந்தை திறக்கும் முன்பே வந்துவிட்ட ஆட்கள் மாதிரி கதவு திறக்கக் காத்து நின்றன.

டீச்சர் கரையில் உட்கார்ந்துவிட்டார். பாவாடையெல்லாம் சேறு.

"ஓடற தண்ணியத்தான் நான் அளந்தேன்," என்றார். யாருக்கும் பொதுவாகச் சொன்னார். "வர்ற தண்ணிய அளக்கல. வால்நட் வேகமாத்தான் ஓடும், அதுக்கு வழி நனைஞ்சு கெடக்கு. முன்னாடி போற தண்ணிதான் வழியையே நனைச்சுக்கிட்டுப் போகணும். முப்பது பிள்ளைங்களுக்கு வேகம்னா என்னன்னு சொல்லிக்குடுத்தேன், எதோட வேகம்னு கேக்கச் சொல்லிக்குடுக்கல."

மொஹிரா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் பாவாடைச் சேற்றைத் தட்டிவிட்டாள். "விடும்மா. நாங்க எல்லாருமா கை தட்டினோமே."

மஹ்கமின் வயலோரம் தண்ணீர் வந்தபோது அவன் கரை முழுக்க நடந்து காட்டினான். வெட்டு இல்லை, ஓட்டை இல்லை, புல் கலையாமல் நின்றது. எர்காஷ் ஊன்றுகோலால் குத்திக் குத்திப் பார்த்தார். நான் மஹ்கமின் முகத்தைப் பார்க்க முடியாமல் நடந்தேன். அவன் விடவில்லை.

"என்னடா தெற்கத்தியா, ரொட்டி கைல இருக்கு, மறுபடி சத்தியம் பண்ணட்டுமா?"

"வேணாண்ணே. தப்புதான்."

"சத்தமாச் சொல்லு, வெங்காயத்துக்கும் கேக்கட்டும்."

சத்தமாகச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவன் ரொட்டியைப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்தான்.

தோட்ட வாயைத் தண்ணீர் தொட்டபோது எட்டு மணி தாண்டி இரண்டு மூன்று நிமிடம். மூன்று வால்நட்டும் கூடவே வந்து சேர்ந்தன. முதல் மரத்தடிப் பாத்தியில் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டதும் மொஹிரா முகத்தைத் திருப்பிக்கொண்டு தலைத்துணியைச் சரிசெய்தாள். வெகுநேரம் சரிசெய்தாள்.

எர்காஷ் பூட்டை அங்கியின் பைக்குள் போட்டார். ஆனால் எல்லாம் முடிந்துவிடவில்லை.

"பூட்டு இல்ல. இன்னைக்கி நாலு மணி நேரம் எடுத்துக்க. நாப்பத அழிச்சுடறேன், இனிமே தண்ணி இங்க வந்ததுலேருந்துதான் நேரம். ஆனா நானூத்தி எண்பது எழுதியாச்சு, மேல கணக்கு போயாச்சு. மதகு திறந்திருந்தது உண்மை, தண்ணி போனது உண்மை. அவங்ககிட்டப் போய் மண்ணு குடிச்சிருச்சுன்னு சொன்னா, மண்ணுகிட்ட வாங்கிட்டு வாம்பானுங்க."

"என் கணக்குலதான் வந்துச்சு. என் சம்பளத்துல கட்டிடறேன்" என்றார் டீச்சர்.

மொஹிரா எழுந்து நின்றாள். "அதெல்லாம் ஆகாது. உன் சம்பளத்துல என் மரம் தண்ணி குடிச்சா அந்தப் பழம் எனக்குத் தொண்டையில இறங்குமா? கன்னுக்குட்டிய வித்துக்கறேன்."

 மஹ்கம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"தலைவரே, வாய்க்கால் தூர் வாரன்னு கமிட்டியில காசு இருக்கில்ல?"

"இருக்கு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கி எண்பது. எண்பதுக்கு எவன் வர்றான்? எல்லாரும் ரஷ்யாவுல இருக்கானுங்க. கமிட்டி வந்ததுலேருந்து அப்படியே கெடக்கு."

"நாங்க வர்றோம். கூலிய எங்ககிட்டக் குடுக்காதீங்க. இவ கணக்குல போடுங்க."

எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுச் சுவர் எழுப்ப, கூரை போட, ஊரே போய் ஒரு நாள் சும்மா உழைத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டு வருவது வழக்கம்தான். வாய்க்காலுக்கு யாரும் அப்படிப் போனதில்லை, அது கமிட்டியுடையது என்று விட்டுவிட்டோம். எர்காஷ் தாடியைச் சொறிந்தார். "ஆறு ஆள் வேணும்" என்றார்.

"வருவாங்க. இந்தத் தெற்கத்தியான் மட்டும் ரெண்டு ஆள் தூரம் வெட்டணும். ஒண்ணு கூலிக்கு, ஒண்ணு என்னத் திருடன்னு நெனச்சதுக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். நான், மஹ்கம், அவன் தம்பிகள் இரண்டு பேர். டீச்சர் அப்பாவின் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு வந்தார். எர்காஷ் கரையில் பெட்டி ஒன்றைப் போட்டு உட்கார்ந்து, "டீச்சருக்கு அரை ஆள் கூலி" என்றார். டீச்சர் நாணல் வேர் ஒன்றை மண்ணோடு தூக்கி அவர் காலடியில் போட்டார். "முழு ஆள்தான், முழு ஆள்தான்" என்று காலை இழுத்துக்கொண்டார் எர்காஷ்.

இரண்டு கிலோமீட்டரையும் ஒரு நாளில் வார முடியாது. மோசமான இடங்களை மட்டும் பார்த்தோம். வெடிப்புகளில் களிமண் மிதித்து அடைத்தோம், எலி வளைகளைக் கல் போட்டு மூடினோம், நாணலை வேரோடு எடுத்தோம். எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. மஹ்கம் எனக்கு விட்டுவைத்த தூரம் உண்மையாகவே இரண்டு ஆள் தூரம், கயிறு வைத்து அளந்திருந்தான். அந்தியில் மொஹிராவின் முற்றத்திலிருந்து புலாவ் வாசனை வாய்க்கால் வரைக்கும் வந்தது. மண்வெட்டிகளைக் கழுவினோம்.

எர்காஷ் கணக்குப் புத்தகத்தை முழங்காலில் வைத்து விரலை மடக்கினார். "தெற்கத்தியான் ஒண்ணு."

"ரெண்டு ஆள் வேலை செஞ்சேன் தலைவரே."

"இன்னொண்ணு மஹ்கமுக்குச் செஞ்சது. அது உங்க ரெண்டு பேரு கணக்கு, கமிட்டிக்கு வராது. மஹ்கம் ஒண்ணு, தம்பிங்க ரெண்டு, டீச்சர் ஒண்ணு. அஞ்சு. நானூறு." பேனாவை நிறுத்தினார். "எண்பது நிக்குது."

ஆறாவதாக வருகிறேன் என்று சொன்னவன் வரவில்லை. மொஹிரா கையைத் துடைத்துக்கொண்டு வாசலிலிருந்து பார்த்தாள். நான் மண்வெட்டியை மறுபடி எடுத்தேன், ஆனால் இடுப்பு நிமிரவில்லை. மஹ்கம் தம்பிகளைப் பார்த்தான். தம்பிகள் புலாவ் இருந்த திசையைப் பார்த்தார்கள்.

எர்காஷ் புத்தகத்தை மூடி டீச்சரிடம் கொடுத்தார். முழங்காலைத் திட்டிக்கொண்டே எழுந்தார். கரையில் உட்கார்ந்து, வழுக்கியபடி வாய்க்காலுக்குள் இறங்கினார்.

"தலைவரே, வேண்டாம்" என்றாள் மொஹிரா.

"சும்மா இரும்மா. பெயின்ட் அடிக்கச் சொன்னது யாரு? மண்வெட்டியக் குடுடா."

தோட்ட வாய்க்குப் பக்கத்தில் கடைசியாக ஒரு நாணல் திட்டு இருந்தது. ஐந்து வெட்டு வெட்டுவார், ஊன்றுகோலைப் பிடித்து மூச்சு வாங்குவார், மறுபடி ஐந்து வெட்டுவார். நாங்கள் யாரும் இறங்கி உதவவில்லை. உதவினால் எண்பது குறைந்துவிடும் என்று மஹ்கம் மெதுவாகச் சொன்னான். திட்டு போனது. இரண்டு தம்பிகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரைத் தூக்கி மேலே விட்டார்கள்.

சேற்றுக் கையோடு புத்தகத்தை வாங்கினார். தாளில் விரல் அச்சு விழுந்தது. ஒவ்வொரு சொல்லாக வாயால் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"மொஹிரா. கடைமடை. ஆறு ஆள் கூலி வரவு. பாக்கி இல்ல."

எழுதி முடித்ததும் அதன் மேல் ஊதினார்.

"வாங்க, புலாவ் ஆறுது" என்றாள் மொஹிரா.